இடுப்பு மூட்டுத் தேய்மானத்தோடு நடமாடுவது: ஒரு தையல்காரியின் குறிப்புகள்

எனக்கு 46 வயதில் வலது இடுப்பு மூட்டில் தேய்மானம் என்று சொன்னார்கள். இப்போது 49. பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டின் முன்னறையில் பிளவுஸ் தைக்கிறேன். காலையில் நடக்கிறேன், மாடி ஏறுகிறேன், ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போய் மீன் வாங்கி வருகிறேன். முதல் எட்டு மாதம் மட்டும் எல்லாவற்றையும் தப்பாகச் செய்தேன். துணி கொடுக்க வருகிறவர்களில் நாற்பதைத் தாண்டிய சிலர், என் வாசல்படி ஏறும்போதே தொடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன்.

வலியை விரலால் காட்டுங்கள்

நம் பேச்சில் இடுப்பு என்றால் பல இடம். புடவை செருகும் இடம் இடுப்பு, குழந்தையை உட்கார வைக்கும் இடம் இடுப்பு, குனிந்து நிமிர்ந்தால் பிடித்துக்கொள்ளும் கீழ் முதுகும் இடுப்பு. தேய்கிற மூட்டு இதில் எதுவும் இல்லை. தொடை எலும்பின் உருண்டைத் தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கும் இடம் அது. தொடையிடுக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அதனால் அது வலித்தால் பெரும்பாலும் முன்பக்கம்தான் வலிக்கும். தொடையிடுக்கில் தொடங்கி முன்தொடை வழியாக முழங்கால் வரை இறங்கும்.

இது தெரியாமல் நான் ஒரு கிளினிக்கில் போய் "இடுப்பு வலி டாக்டர்" என்று மட்டும் சொன்னேன். முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், பெல்ட் கொடுத்தார்கள். ஐந்து மாதம் அந்த பெல்ட்டோடு உட்கார்ந்து தைத்தேன். வலி முழங்காலுக்கு இறங்கியதும், முட்டிதான் போய்விட்டது என்று நானே முடிவு செய்து தைலம் தேய்த்தேன். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் போகும் நரம்புகளில் சில பொதுவானவை. அதனால் மேலே இருக்கிற கோளாறு கீழே வலியாகத் தெரியும் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் ஒரே நிமிடத்தில் கண்டுபிடித்தார். படுக்க வைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை மெதுவாக வெளிப்பக்கம் சாய்த்தார். இடது கால் தாராளமாகப் போனது. வலது கால் பாதி வழியில் நின்றுவிட்டது, தொடையிடுக்கில் சுரீர் என்றது. தொடை உள்பக்கமாகச் சுழல்வதுதான் இந்த மூட்டில் முதலில் குறைகிற அசைவு என்றார். அப்புறம் இரண்டு இடுப்பு மூட்டும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு எக்ஸ்ரே. குழிக்கும் உருண்டைக்கும் நடுவே இருக்க வேண்டிய கறுப்பு இடைவெளி இடது பக்கம் அகலமாகவும், வலது பக்கம் மேலே ஒரு நூல் அளவுக்கும் இருந்தது.

டாக்டரிடம் போகும்போது இடுப்பு என்ற சொல்லோடு நிறுத்தாதீர்கள். வலிக்கிற இடத்தில் விரலை வையுங்கள். எந்த வேலை முடியவில்லை என்று சொல்லுங்கள். என் பட்டியல் இது: கால் நகம் வெட்ட முடியவில்லை, கொலுசுத் திருகு போட முடியவில்லை, சம்மணம் போட்டால் வலது முழங்கால் மட்டும் மேலே தூக்கி நிற்கிறது, ரொம்ப நேரம் தைத்துவிட்டு எழுந்தால் முதல் நாலைந்து அடி நொண்டுகிறேன், காலையில் மூட்டு இறுகி இருக்கிறது, ஆனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் விட்டுவிடுகிறது. அந்தக் கடைசி வரி முக்கியம். காலை இறுக்கம் அரை மணிக்கு மேல் நீடித்தால் அது வேறு வகை வாதமாக இருக்கலாம், டாக்டர் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நாற்பதுகளில் இந்த மூட்டு வலித்தால் தேய்மானம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது. தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது குறைந்து அந்த எலும்பே செத்துப்போகிற நோய் ஒன்று உண்டு. நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் அதிகம் குடிக்கிறவர்களுக்கும் அது கூடுதலாக வரும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். அதற்கு வைத்தியமும் வேறு, நடை விதிகளும் வேறு. கீழே விழுந்த பிறகு திடீரென்று காலை ஊன்றவே முடியவில்லை, காய்ச்சலோடு மூட்டு வலிக்கிறது என்றால், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேயுற சாமானை எதுக்கு ஓட்டறே?

தேய்மானம் என்ற சொல்தான் என்னை மூன்று மாதம் உட்கார வைத்தது. என் மாமியார் அன்பாகத்தான் சொன்னார்: "தேயுற சாமானை எதுக்கு ஓட்டறே? உக்காரு, நான் பாத்துக்கறேன்." எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மிஷினில் பாபின் கேஸ் தேய்ந்தால் ஓட்ட ஓட்ட இன்னும்தானே தேயும்? கடைக்குப் போவதை நிறுத்தினேன், மாடிக்குத் துணி காயப்போடப் போவதை நிறுத்தினேன், மிஷின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே இல்லை.

மூன்றாம் மாதம் பாவாடை நாடா கட்டும்போது ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த இஞ்ச் டேப்பை எடுத்து, முழங்கால் சில்லுக்கு மேலே 6 அங்குலத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு தொடையையும் அளந்தேன். இடது 19. வலது 18-க்கும் கீழே. முப்பது வருடமாக ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற எனக்கு என் கால் ஒன்றரை விரல் இளைத்தது தெரியவில்லை. மூட்டைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, மூட்டைத் தாங்குகிற தசையைக் கரைத்திருக்கிறேன்.

பிசியோதெரபி சொல்லிக்கொடுத்த பெண் இதைப் பொறுமையாக விளக்கினார். எலும்பு முனையில் இருக்கிற குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீர்தான் அதற்குச் சாப்பாடு. மூட்டு அமுங்கி விடும்போது, ஸ்பாஞ்சைப் பிழிந்து விட்டால் தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி, அது அந்த நீரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அசையாத மூட்டுக்குச் சாப்பாடு போகாது. தேய்ந்தது திரும்ப வளராது, அதை அவர் மறைக்கவில்லை. ஆனால் சுற்றியிருக்கும் தசை ஐம்பதிலும் வளரும், அறுபதிலும் வளரும். மூட்டின் பாரத்தில் பங்கு எடுத்துக்கொள்வது அந்தத் தசைதான். பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகளில் இந்த நோய்க்கு முதலில் எழுதியிருக்கும் மருந்து உடற்பயிற்சிதான், மாத்திரை அதற்குப் பிறகுதான் வருகிறது என்றார்.

மறுநாள் காலைக் கணக்கு

அசையச் சொல்கிறார்கள், எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. எனக்குக் கிடைத்த விதிகளிலேயே உருப்படியானது இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

வலிக்கு 0 முதல் 10 வரை நீங்களே மார்க் போடுங்கள். ஒரு வேலையைச் செய்யும்போது 2 வரை இருந்தால் கவலையே வேண்டாம். 5 வரை தாங்கலாம், செய்யலாம். அதைத் தாண்டினால் நிறுத்த வேண்டும். இது பாதி விதி. மீதிப் பாதி மறுநாள் காலையில் இருக்கிறது. நேற்றைய வேலைக்கு முன்னால் வலி எவ்வளவு இருந்ததோ, 24 மணி நேரத்துக்குள் அதே அளவுக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கியிருந்தால் நேற்றைய அளவு சரி. இறங்கவில்லை என்றால் நேற்று அதிகம். அதிகம் என்றால் இன்றைக்குக் குறைத்துச் செய்ய வேண்டும், விட்டுவிடக்கூடாது. நான் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவேன்.

துணி அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் இதை எழுதுகிறேன். தேதி, எவ்வளவு நிமிடம் நடந்தேன், செய்யும்போது எவ்வளவு, மறுநாள் காலையில் எவ்வளவு. நான்கே கட்டம். ஒரு பௌர்ணமிக்கு, உடம்பு நன்றாக இருக்கிறதே என்ற தைரியத்தில், வடிவுடையம்மன் கோயிலுக்குத் திருவொற்றியூர் வரை நடந்தே போனேன். நடக்கும்போது 4தான். மறுநாள் காலை 7, அடுத்த நாள் 6. நோட்டைப் பார்த்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது: அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் 14 நிமிடத்துக்கு மேல் நடந்திருக்கவில்லை. வலித்ததற்குக் காரணம் கோயில் நடை இல்லை, ஒரே நாளில் அளவைப் பல மடங்கு ஏற்றியதுதான். இப்போது மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி ஸ்டேஷன் வரை போய், லிஃப்டில் இறங்கி, கோயிலுக்குள் பிராகாரம் மட்டும் சுற்றுகிறேன். அம்மனையும் பார்த்தாயிற்று, மறுநாள் 3.

நடை

எட்டு நிமிடத்தில் தொடங்கினேன். வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டினேன், நோட்டு அனுமதித்த வாரங்களில் மட்டும். 30 நிமிடத்துக்கு வர ஐந்து மாதம் ஆயிற்று. வாரத்துக்கு ஐந்து நாள், மொத்தம் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுதான். ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை, காலை 15 மாலை 15 என்று பிரித்தாலும் கணக்கு ஒன்றே.

எங்கே நடக்கிறோம் என்பது நம் பக்கத்தில் பெரிய கேள்வி. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடப்பது நடையே இல்லை. தெரு ஓரமும் ஆகாது. மழைத்தண்ணீர் வடிய ரோட்டின் ஓரம் சரிவாக இருக்கும், அதில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இறங்கும், இடுப்பு ஒரு பக்கம் சாயும். கடற்கரை மணலும் வேண்டாம், கால் புதையப் புதைய மூட்டு திருகிக்கொள்கிறது. நான் ராபின்சன் பூங்காவில் நடக்கிறேன். 1949-இல் கொட்டும் மழையில் தி.மு.க. தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்த அதே இடம்தான். என் மாமனார் அதைச் சொல்லாமல் அந்தப் பூங்காவின் பேரைச் சொன்னதே இல்லை. சமமான பாதை, களைத்தால் உட்கார பெஞ்ச், விடியற்காலையில் கூட வரும் பெண்கள். இந்த மூன்றும் இருக்கிற எந்த இடமும் போதும்.

ரப்பர் செருப்பைக் காலை நடைக்குப் போடாதீர்கள். அது கழன்றுவிடாமல் இருக்க விரலை மடக்கி இழுத்து இழுத்து நடப்போம், அடி தடுமாறும். புடவைக்குக் கீழே ஷூ போட எனக்கு முதல் வாரம் கூச்சமாக இருந்தது. பின்பக்கம் பட்டி வைத்த, அடிப்பகுதி மெத்தென்ற சான்டல் கூடச் சரிதான். அகலமாகக் கால் வைத்து வீசி நடப்பதைவிடச் சின்னச் சின்ன அடியாக, கொஞ்சம் வேகமாக நடப்பது எனக்கு ஒத்துக்கொள்கிறது.

ஐப்பசி கார்த்திகையில் தெருவில் தண்ணீர் நிற்கும்போது வெளியே நடக்காதீர்கள். பள்ளம் தெரியாது. சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் இரண்டரை மடங்கு பாரம் விழுகிறது. தடுமாறும் ஒரு நொடியில் அது ஏழு மடங்கைத் தாண்டியதையும் அளந்திருக்கிறார்கள். அந்த நாட்களில் நான் வாசலிலிருந்து சமையலறை வரை வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். இருபத்திரண்டு அடி. ரேடியோவில் நாலு பாட்டு முடியும் வரை நடந்தால் ஒரு நடை ஆகிவிடும்.

கைத்தடி எந்தக் கையில், பை எந்தக் கையில்

வலி கூடிய நாட்களில் கைத்தடி வைத்துக்கொள்ளுங்கள். வயதானவர் சாமான் என்று நினைத்து நான் அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். தடி இருந்தால் 25 நிமிடம் நடக்கலாம், இல்லையென்றால் 10 நிமிடம்தான் என்றால், தடியோடு நடப்பதுதான் மூட்டுக்கு லாபம்.

தடியை வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். எனக்கு வலது மூட்டு, தடி இடது கையில். நிறையப் பேர் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். வலது காலில் நிற்கும் நொடியில் உடம்பு இடது பக்கம் சரியாமல் இழுத்துப் பிடிப்பது வலது பிட்டத்துப் பக்கவாட்டுத் தசை. அது இழுக்கிற இழுப்பும் சேர்ந்துதான் மூட்டை அழுத்துகிறது. இடது கையில் தடி இருந்தால் சரிகிற பக்கத்தையே அது தாங்கிவிடும், தசைக்கு வேலை குறையும், மூட்டின் அழுத்தமும் குறையும். தடியும் வலிக்கிற காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். உயரத்துக்கு, செருப்புப் போட்டு நேராக நின்று கையைத் தொங்கவிடுங்கள், மணிக்கட்டின் ரேகைக்குப் பிடி வர வேண்டும். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் வழுக்கையானால் உடனே மாற்றுங்கள்.

பைக்கு இதற்கு நேர்மாறு. காய்கறிப் பையை வலிக்கிற பக்கத்துக் கையில் தூக்குங்கள். அந்தப் பக்கக் கனம் உடம்பைச் சமப்படுத்தப் பக்கவாட்டுத் தசைக்கு உதவுகிறது, எதிர்ப் பக்கக் கனம் அதற்கு இரட்டை வேலை கொடுக்கிறது. நான் இதைத் தண்ணீர்க் குடத்தில்தான் கற்றுக்கொண்டேன். லாரித் தண்ணீர் பிடித்து, பதினைந்து லிட்டர் குடத்தை இடது இடுப்பில் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். வலது மூட்டுக்கு அதைவிடக் கெடுதலான சுமை இல்லை. இப்போது ஐந்து லிட்டர் கேனில் பிடித்து வலது கையில் எடுத்து வருகிறேன். நடை கூடுகிறது, அதுவும் நடைதானே. குடத்தைப் பையன் தூக்குகிறான்.

தசைக்கு

நடை மட்டும் போதாது. வாரத்தில் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிடம் தசைக்கு. இதை ஒரு தடவையாவது பிசியோதெரபி தெரிந்தவர் முன்னால் செய்து காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியிலேயே காட்டலாம். நடமாட முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுதான் எனக்கு முதல் பயிற்சி. கையை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து, கீழே இறங்கும்போது பொத்தென்று விழாமல் மூன்று எண்ணி இறங்க வேண்டும். முதலில் நாற்காலி மேல் இரண்டு தலையணை வைத்துத்தான் என்னால் முடிந்தது. மூன்று வாரத்தில் ஒரு தலையணை, எட்டாவது வாரத்தில் வெறும் நாற்காலி. இப்போது பத்துப் பத்தாக மூன்று தடவை. எழும்போது வலது முழங்கால் உள்ளே சாய்கிறதா என்று ஆளுயரக் கண்ணாடியில் பாருங்கள், சாய்ந்தால் முழங்காலைக் கால் சுண்டுவிரல் திசைக்குத் திருப்பிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, பக்கவாட்டில் படுத்துக் காலைத் தூக்குவது. பார்க்க ரொம்ப எளிது, முக்கால்வாசிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள், நானும் செய்தேன். தூக்கும்போது கால் தானாக முன்னால் வந்துவிடும், அப்போது வேலை செய்வது முன்தொடை. பிட்டத்துப் பக்கவாட்டுத் தசை சும்மா இருக்கும். சுவரை ஒட்டிப் படுத்து, முதுகும் குதிகாலும் சுவரில் பட, குதிகாலால் சுவரை வழித்துக்கொண்டே காலை மேலே ஏற்றுங்கள். கால் விரல் கூரையைப் பார்க்கக்கூடாது, முன்னாலோ கொஞ்சம் கீழேயோ பார்க்க வேண்டும். ஒரு அடி உயரம் போதும். பின்பாக்கெட் இருக்கும் இடத்தில் எரிச்சல் வந்தால் சரியாகச் செய்கிறீர்கள். தொடையிடுக்கில் குத்தினால் உயரத்தைக் குறையுங்கள்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலை நேராகப் பின்னால் கொண்டுபோவது, இவை இரண்டும் கூட. சோறு வேகிற நேரத்தில் இரண்டாவதை முடித்துவிடலாம். கடைசியாக, கட்டில் ஓரத்தில் மல்லாந்து படுத்து நல்ல காலை மார்போடு அணைத்து, வலிக்கிற காலைக் கட்டிலுக்கு வெளியே அரை நிமிடம் தொங்கவிடுவது. நாளெல்லாம் உட்கார்ந்து தைக்கிறவர்களுக்குத் தொடை முன்பக்கம் சுருங்கிப்போகும், அதை நீட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஆறு வாரம் வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அந்த ஆறு வாரத்தில்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எனக்குப் பத்தாவது வாரம் படியில் வித்தியாசம் தெரிந்தது. ஒரு வருடம் கழித்து மறுபடி டேப் வைத்தேன், இரண்டு தொடைக்கும் வித்தியாசம் கால் அங்குலம்.

பத்மாசனம், குத்துக்காலிட்டு உட்காருவது, யாராவது முழங்காலை அழுத்திப் பிடித்துக் காலை விரிப்பது, இதெல்லாம் வேண்டாம். யோகா வகுப்புக்குப் போகிறவர்கள் முதல் நாளே சொல்லிவிடுங்கள். வீட்டில் சைக்கிள் மிஷின் இருந்தால் சீட்டை உயரமாக வைத்து ஓட்டுங்கள், நல்லது.

உட்காரும் இடம், வீடு, வண்டி

முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்த எந்த இருக்கையும் எதிரி. என் தையல் ஸ்டூல் தாழ்வானது. அதன் மேல் துணிப்பொதியைத் தைத்து நான்கு விரல் உயர்த்தினேன், மிஷின் பலகைக்கு அடியில் கட்டை கொடுத்தேன். மிதியை எடுத்துவிட்டு மோட்டார் போட்டு, அதை இடது காலால் அழுத்தப் பழகினேன். தரையில் உட்கார்ந்து துணி வெட்டுவதை விட்டுவிட்டேன். பழைய கதவு ஒன்றை இரும்பு ஸ்டாண்டில் போட்டு, நின்றுகொண்டு வெட்டுகிறேன். இஸ்திரிப் பெட்டியை வேண்டுமென்றே அறையின் அந்தக் கோடியில் வைத்திருக்கிறேன். கை பொருத்தினால் ஒரு தடவை, கழுத்துப் பட்டி முடிந்தால் ஒரு தடவை, கொக்கிக்கு முன்னால் ஒரு தடவை எழுந்து போயே ஆக வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்துவிடுகிறேன், கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

கழிவறை நம் வீடுகளில் தரைக் கழிவறை. அதன் மேலே வைக்கிற கமோடு ஸ்டூல் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும். வெட்கப்படாமல் வாங்குங்கள். வாசலில் கோலத்தைக் குந்தி உட்காராமல், கால் அகட்டி நின்று குனிந்து சின்னதாகப் போடுகிறேன். மார்கழிப் பெரிய கோலம் எதிர்வீட்டுப் பெண் போடுகிறாள், நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கலர் கலந்து கொடுக்கிறேன். தூங்கும்போது நல்ல பக்கம் ஒருக்களித்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே தலையணை.

ஆட்டோவில் ஒரு காலை உள்ளே வைத்து ஏறாதீர்கள். முதுகைக் காட்டி முதலில் உட்காருங்கள், அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். படிக்கு: ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கிற கால் முன்னே. எங்கள் மாடிக்குப் பதினேழு படி. இப்போது ஏறும்போது கால் மாற்றி மாற்றி ஏறுகிறேன், இறங்கும்போது இன்னும் ஒவ்வொன்றாகத்தான்.

மாத்திரை, எடை

வலி மாத்திரையை மெடிக்கலில் அட்டை அட்டையாக வாங்கித் தினமும் போடாதீர்கள். வயிற்றிலும் கிட்னியிலும் கை வைக்கும் மருந்து அது, சர்க்கரை, பிரஷர் இருப்பவர்களுக்கு இன்னும் ஆபத்து. டாக்டர் சொன்ன மாத்திரை, சொன்ன நாள் வரை. மேலே தடவும் ஜெல் முழங்காலுக்கு உதவும், இடுப்பு மூட்டு ரொம்ப ஆழத்தில் இருப்பதால் அவ்வளவு எட்டாது. தைலம் தேய்த்தால் தசைக்கு இதம், தேய்க்கலாம். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், அந்த வாரங்களைப் பயிற்சி தொடங்கப் பயன்படுத்திக்கொண்டால் புண்ணியம்.

எடை நான் 74-இல் இருந்து 69-க்கு வந்தேன், ஒன்றரை வருடத்தில். இரண்டரை மடங்குக் கணக்கைப் போட்டால், ஒவ்வொரு அடிக்கும் மூட்டின் மேல் பன்னிரண்டு கிலோவுக்கு மேல் குறைவு. ராத்திரி சோற்றை நிறுத்தவில்லை, அளவைக் குறைத்து மீனைக் கூட்டினேன்.

ஆபரேஷன் பற்றி

நடந்துகொண்டே இருந்தால் ஆபரேஷனே வராது என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வரும். இத்தனையும் செய்தும் ராத்திரி வலி எழுப்புகிறதா, தடி இருந்தும் தெருமுனை வரை போக முடியவில்லையா, சோறு போடுகிற வேலையைச் செய்ய முடியவில்லையா, இந்த மூன்று கேள்விக்கும் ஆமாம் என்றால் மூட்டு மாற்று பற்றி டாக்டரிடம் தைரியமாகப் பேசுங்கள். எக்ஸ்ரே மட்டும் அதை முடிவு செய்யாது, படத்தில் மோசமாக இருந்தும் நன்றாக நடப்பவர்கள் இருக்கிறார்கள். இடுப்பு மாற்று மூட்டுகளில் பத்தில் ஆறு 25 வருடம் உழைப்பதாக வெளிநாட்டுப் பதிவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். செலவுக்குப் பயந்து வலியோடு இருக்காதீர்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்த ஆபரேஷனும் உண்டா, உங்கள் குடும்பத்துக்கு அட்டை கிடைக்குமா என்று அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் காப்பீட்டுத் திட்டக் கவுன்டரில் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் சேர்த்த தசை ஆபரேஷனுக்குப் பிறகு எழுந்து நடக்கவும் உதவும், அதனால் தேதி குறித்த பிறகும் பயிற்சியை விடாதீர்கள்.

என் நோட்டில் மாதம் முதல் தேதி அந்த மூன்று கேள்வியையும் எழுதி எதிரில் பதில் எழுதுகிறேன். இந்த மாதமும் மூன்றுக்கும் இல்லை. கீழே, காலை 28 நிமிடம், நடக்கும்போது 2, மறுநாள் காலை 1. அதற்குக் கீழே எதிர்வீட்டுப் பெண்ணின் கல்யாண பிளவுஸ் அளவு.